கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசி டேவிஸுக்கு: டிரான்ஸ்பர் ஆனவளின் அனுபவம்

கலிபோர்னியாவில் ஹைஸ்கூல் முடித்த பிள்ளை கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருடக் கல்லூரியில், சேர்ந்திருக்கிறது என்று சொன்னால் நம்மவர்கள் கூடும் இடத்தில் ஒரு கணம் பேச்சு நிற்கும். பிறகு யாராவது ஒரு ஆன்ட்டி, "பரவாயில்ல கண்ணு, ரெண்டு வருஷம் கழிச்சு மாத்திக்கலாம்ல" என்று என்னிடம் சொல்லிவிட்டு அம்மாவைப் பாவமாகப் பார்ப்பார். அந்த ஆறுதலுக்கு அவசியமே இல்லை. ஆனால் அந்த "மாத்திக்கலாம்ல" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது நம் வீடுகளில் பலருக்குத் தெரிவதில்லை. அங்கிருந்து யுனிவர்சிட்டிக்கு மாறுகிற டிரான்ஸ்பர் என்பது இரண்டாம் வருடம் நவம்பரில் விண்ணப்பம் போடும்போது ஆரம்பிக்கிற விஷயம் என்று நினைக்கிறார்கள். முதல் செமஸ்டரில் எந்தப் பாடத்தை எடுக்கிறோம் என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாங்கள் கோயம்புத்தூரிலிருந்து ஃப்ரீமாண்ட் வந்தபோது நான் பதினொன்றாம் வகுப்பு. அப்பா எச்-1பி வேலை விசா, நாங்கள் அவரைச் சார்ந்த எச்-4 விசா. இங்கே ஒன்பதாம் வகுப்பிலிருந்தே யுனிவர்சிட்டிக்காகப் பாடங்களை அடுக்கிக்கொண்டு வந்த பிள்ளைகளுக்கு நடுவில் பாதியில் வந்து உட்கார்ந்த எனக்கு, ஊர்ப் பள்ளி மதிப்பெண்ணை இங்கே எப்படிக் கணக்கில் எடுப்பார்கள் என்பதே புரிவதற்குள் ஹைஸ்கூல் முடிந்துவிட்டது. ஃப்ரீமாண்ட் இருக்கிற ஈஸ்ட் பே பக்கமே ஒரு கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தேன். அங்கிருந்து உயிரியல் படிக்க யூசி (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) டேவிஸுக்குப் போனேன். இப்போது அந்தப் படிப்பும் முடிந்துவிட்டது.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இதைப் புரியவைக்க நான் எப்போதும் பாலிடெக்னிக்கைத்தான் சொல்வேன். டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் வருடத்தில் சேருகிறார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அதே போன்றதுதான் இதுவும். எத்தனையோ குடும்பங்களின் முதல் இன்ஜினியர் அப்படி வந்தவர்தான். கலிபோர்னியாவில் இந்த வழி தற்செயலாக உண்டானது இல்லை. 1960-இல் போட்ட உயர்கல்வி மாஸ்டர் பிளானிலேயே, யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய இரண்டு வருடக் கல்லூரிகள், அங்கிருந்து நான்கு வருடப் பல்கலைக்கழகங்களுக்கு மாறும் பாதை என்று திட்டமிட்டுத்தான் செய்திருக்கிறார்கள். இன்றைக்கு இந்த மாநிலத்தில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. யூசி நிர்வாகம், புதிதாகச் சேரும் இரண்டு மாணவர்களுக்கு ஒரு டிரான்ஸ்பர் மாணவர் என்ற விகிதத்தை இலக்காக வைத்திருக்கிறது. அப்படி வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தக் கல்லூரிகளிலிருந்து வருகிறவர்கள்தான். கையில் வாங்கும் டிகிரியில் யூசியின் பெயர்தான் இருக்கும், முதல் இரண்டு வருடம் எங்கே படித்தாய் என்று அதில் எழுதியிருக்காது.

பணக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல வீடுகளில் பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கிறது, வெட்கப்பட்டுக்கொண்டு. கலிபோர்னியா ரெசிடென்ட்டாக, அதாவது கட்டணக் கணக்கில் இந்த மாநிலத்தவராக, இருந்தால் கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் கிரெடிட் அளவு) 46 டாலர். 2012-இலிருந்து அதே கட்டணம்தான். ஒரு செமஸ்டருக்கு 15 யூனிட் எடுத்தால் 690 டாலர், அதற்கு மேல் சில்லறைக் கட்டணங்கள், புத்தகம், பெட்ரோல். யூசியில் ரெசிடென்ட் மாணவருக்கே கல்விக் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 14,000 டாலருக்கு மேல். ரெசிடென்ட் இல்லையென்றால் அதற்கும் மேல் 30,000 டாலரைத் தாண்டி ஒரு தொகை கூடுதலாக வரும். எச்-4 பிள்ளைகள் கவனிக்க வேண்டியது: எச்-4-இல் இருந்தாலும் கலிபோர்னியாவில் ரெசிடென்சி பெற முடியும், ஒரு வருடத்துக்கு மேல், அதாவது 366 நாள் இங்கே வசித்ததற்கான சான்றுகள் வேண்டும். ஆனால் ஃபாஃப்சா வழியாக வரும் மத்திய அரசின் கல்வி உதவி எச்-4-க்குக் கிடையாது. அப்புறம் 21 வயது ஆனால் எச்-4 போய்விடும், அதற்குப் பிறகு விசா மாறினால் ரெசிடென்சி கணக்கும் மாறக்கூடும். இரண்டாம் வருடம் முடியும்போது பிள்ளைக்கு என்ன வயது இருக்கும் என்று இப்போதே எண்ணிப் பார்த்து, ஒரு இமிக்ரேஷன் வக்கீலிடமும் யுனிவர்சிட்டியின் ரெசிடென்சி அலுவலகத்திலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தெரிந்தவர்கள் சொல்வதை வைத்து முடிவு எடுக்காதீர்கள், ஒவ்வொரு குடும்பத்தின் தேதிகளும் வேறு வேறு.

சரி, பாடத்துக்கு வருகிறேன். அசிஸ்ட் என்று ஒரு அரசாங்க இணையதளம் இருக்கிறது. நம் கம்யூனிட்டி காலேஜ், போக வேண்டிய யுனிவர்சிட்டி, மேஜர் என்கிற முதன்மைப் பாடம், இந்த மூன்றையும் கொடுத்தால், அங்கே கேட்கும் பாடத்துக்கு இங்கே எந்தப் பாடம் ஈடு என்று இடமும் வலமுமாக ஒரு பட்டியல் வரும். டிரான்ஸ்பர் சென்டரில் இருந்த கவுன்சிலர் எனக்கு அதை முதல் சந்திப்பிலேயே அச்சடித்துக் கொடுத்தார். நான் போக நினைத்த ஒவ்வொரு கேம்பஸுக்கும் தனித்தனித் தாளாக மேஜையில் பரப்பி, எல்லாத் தாளிலும் வரும் பாடங்களை மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டார். இரண்டில் மட்டும் வருவதற்குப் பச்சை. ஒன்றில் மட்டும் வருவதைப் பென்சிலால் வட்டமிட்டார். "மஞ்சளை முதல் வருடம் முடி, பச்சையை அதற்கு அடுத்து, பென்சிலை எங்கே விண்ணப்பிக்கிறோம் என்று தெரிந்த பிறகு பார்" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அந்தத் தாள்களை டிரான்ஸ்பர் ஆகும் வரை ஃபைலில் வைத்திருந்தேன். கவுன்சிலரைப் பார்க்காமலேயே இதை வீட்டில் நீங்களே செய்யலாம். ஆனால் அசிஸ்ட்டில் வருடம் தேர்ந்தெடுக்கும் இடத்தில் கவனம் வேண்டும், இரண்டு இடத்துக்கும் நடுவில் இருக்கிற இந்த ஈட்டு ஒப்பந்தம் வருடா வருடம் மாறும்.

இந்தப் பட்டியலில் பலர் தடுக்குவது தொடர் பாடங்களில். கம்யூனிட்டி காலேஜ்கள் பெரும்பாலும் செமஸ்டர், யூசியில் பெர்க்லியும் மெர்செடும் தவிர மற்றவை குவார்ட்டர், அதாவது பத்து வாரத் தவணை. டேவிஸில் பொது வேதியியல் மூன்று குவார்ட்டர். கம்யூனிட்டி காலேஜில் அதுவே பெரும்பாலும் இரண்டு செமஸ்டர் பாடமாக இருக்கும். இரண்டையும் சேர்த்து முடித்தால்தான் மூன்றுக்கும் ஈடு என்று போட்டிருப்பார்கள். ஒன்றை மட்டும் முடித்துவிட்டுப் போனால் எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது என்று தெரியாமல், ஏற்கனவே படித்ததையே திரும்பப் படிக்க வேண்டி வரும். உயிரியலும் அப்படித்தான், கால்குலஸும் பிசிக்ஸும் அப்படித்தான். எந்தத் தொடரை ஆரம்பித்தாலும் அதே கல்லூரியில் முடித்துவிடுங்கள். கோடை விடுமுறையில் பக்கத்து ஊர்க் கல்லூரியில் பாதியை எடுத்துவிடலாம் என்று தோன்றும். எடுக்கும் முன் அந்தக் கல்லூரியின் ஒப்பந்தத்தையும் பாருங்கள்.

அடுத்தது பொதுப் பாடங்கள். 2025 இலையுதிர் காலத்திலிருந்து கால்-ஜிஇடிசி என்று யூசிக்கும், மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழக அமைப்பான கால் ஸ்டேட்டுக்கும் சேர்த்து ஒரே பட்டியல் வந்திருக்கிறது, 11 பாடம், 34 யூனிட். நான் படித்தபோது அதற்கு முந்தைய பட்டியல்தான். எகனாமிக்ஸ், சைக்காலஜி, வரலாறு மாதிரி மேஜர்களுக்கு இதை முழுதாக முடித்துவிட்டுப் போவது நல்லது. ஆனால் உயிரியல், வேதியியல், இன்ஜினியரிங் மாதிரி ஆய்வகமும் கணக்குமாக இருக்கிற மேஜர்களுக்கு, பொதுப் பாடங்களை எல்லாம் முடித்துவிட்டு மேஜருக்கான பாடத்தைப் பாதியில் விட்டு வருகிறவர்கள் அங்கே போய் மூச்சு முட்டுவார்கள். அந்த மேஜர்களுக்கு முதலில் மேஜர் பாடத்தை முடியுங்கள் என்று யூசியே சொல்கிறது. என்னுடன் படித்த ஒரு பெண் கவுன்சிலர் சொன்னார் என்று முதல் வருடம் முழுவதும் பொதுப் பாடமாக எடுத்தாள். மேஜர் உயிரியல் என்று அந்தக் கவுன்சிலரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவள் டிரான்ஸ்பர் ஆக இன்னொரு வருடம் ஆனது. மேஜர் இன்னும் முடிவாகவில்லையென்றால் பரவாயில்லை, ஆனால் அறிவியல் பக்கம் போக வாய்ப்பு இருக்கிறது என்றால் கணக்கையும் வேதியியலையும் முதல் செமஸ்டரிலேயே தொடங்குங்கள். அறிவியலிலிருந்து வேறு பக்கம் போவது சுலபம், அந்தப் பக்கத்திலிருந்து அறிவியலுக்கு வருவதுதான் கஷ்டம்.

இன்னொன்று, பாடப் பட்டியலில் கால் ஸ்டேட்டுக்கு மாற்றத்தக்கது என்று போட்டிருப்பதெல்லாம் யூசிக்கும் மாறும் என்று அர்த்தம் இல்லை. இரண்டு குறிப்பும் தனித்தனியாக இருக்கும், பதிவு செய்யும் முன் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் நுழைவுத் தேர்வு வைத்து அடிப்படைக் கணக்கு, அடிப்படை ஆங்கிலம் என்று பல செமஸ்டர் உட்கார வைப்பார்களாம். 2017-இல் வந்த ஏபி 705 சட்டத்துக்குப் பிறகு ஹைஸ்கூல் மதிப்பெண்ணை வைத்தே நேராக மாற்றத்தக்க வகுப்பில் சேர்க்கிறார்கள். நம் பிள்ளைகள் ஆங்கிலம் இரண்டாம் மொழி என்று தயங்கிக் கீழ் வகுப்பில் போய் உட்காராதீர்கள். ஆங்கில எழுத்து வகுப்பை முதல் வருடமே முடிப்பது முக்கியம், யூசி இரண்டு ஆங்கிலப் பாடமும் ஒரு கணக்குப் பாடமும் கட்டாயமாகக் கேட்கிறது.

பாடம் எது என்று தெரிந்தாலும் இடம் கிடைக்க வேண்டுமே. வேதியியல் ஆய்வக வகுப்புகள் பதிவு திறந்த சில மணி நேரத்தில் நிறைந்துவிடும். ஓரியன்டேஷன் முடித்து, கல்வித் திட்டத்தைக் கவுன்சிலருடன் உட்கார்ந்து பதிந்து வைத்தால் பதிவு தேதி முன்னால் வரும், அதை யாரும் விடக்கூடாது. வெயிட் லிஸ்டில் இருந்தாலும் முதல் நாள் வகுப்புக்குப் போய்விடுங்கள். எனக்கு இரண்டாவது வேதியியல் அப்படித்தான் கிடைத்தது. சாயங்கால வகுப்பு, ஆய்வகத்தின் சுவரோரம் பட்டியலில் இருக்கிறவர்கள் நின்றுகொண்டிருந்தோம். ப்ரொபசர் வருகை எடுத்து, வராதவர்களின் பெயரை அடித்துவிட்டு, பட்டியலின் வரிசைப்படி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரு சின்னத் துண்டுச் சீட்டில் வகுப்பில் பதிந்துகொள்வதற்கான ஆட் கோட் எழுதிக் கொடுத்தார். எனக்கு முன்னால் இருந்த இருவர் அன்றைக்கு வரவில்லை. அவர்களுக்குப் போக வேண்டிய இடம் சுவரோரம் நின்றவர்களுக்கு வந்தது. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ஆய்வகத்தில் உட்கார விடமாட்டார்கள் என்பதால் அதையும் பையில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். சீட்டு வாங்கிய அன்றே முதல் சோதனையும் செய்தேன்.

அந்த வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் லேப் பார்ட்னர் ஒரு ஆப்கானிய அக்கா, இரண்டு பிள்ளைகளின் அம்மா, ஃபார்மசியில் வேலை முடித்து நேராக வகுப்புக்கு வருவார். பின் மேஜையில் கிடங்கில் வேலை பார்க்கிற ஒருவர், என் அப்பா வயது. டைட்ரேஷன் செய்யும்போது நிறம் மாறுகிற அந்த ஒரு சொட்டில் நிறுத்த எங்கள் யாருக்கும் கை வராது. அந்த அக்காவுக்கு மட்டும் முதல் முறையிலேயே வெளிர் ரோஸில் நின்றது. வகுப்பில் முப்பது பேருக்குள்தான். பாடம் நடத்துகிறவரே லேபிலும் நிற்பார், விடைத்தாளையும் அவரே திருத்துவார், நம் பெயர் அவருக்குத் தெரியும். யூசியில் இதே பாடத்தை நூற்றுக்கணக்கானவர்களோடு பெரிய அரங்கில் உட்கார்ந்து கேட்டவர்களிடம் பின்னால் பேசியபோதுதான், எங்களுக்கு எவ்வளவு நல்ல அடித்தளம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. கம்யூனிட்டி காலேஜ் என்றால் சுலபம் என்று நினைத்துக்கொண்டு யாரும் வராதீர்கள். பாடம் அதே பாடம்தான், கேள்வி கேட்க இடம் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

மதிப்பெண் விஷயம். கலிபோர்னியா ரெசிடென்டுக்கு யூசி கேட்கும் குறைந்தபட்ச ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) 2.4, மற்றவர்களுக்கு 2.8. அது கதவைத் தட்டுவதற்கான அளவுதான். உள்ளே போக மேஜரைப் பொறுத்து அதற்கு மிகவும் மேலே வேண்டும், கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு இன்னும் மேலே. சி வாங்கிய பாடத்தைத் திரும்ப எழுதி ஏற்றிக்கொள்ள முடியாது, டி அல்லது எஃப் வாங்கியதைத்தான் மறுபடி எடுக்கலாம். அதனால் பாடம் கைமீறிப் போகிறது என்று பாதியில் தெரிந்தால், கடைசித் தேதிக்கு முன் விலகி டபிள்யூ வாங்கிக்கொள்வதா, சி-யோடு தாங்குவதா என்று கவுன்சிலரிடம் உட்கார்ந்து பேசுங்கள். ஒரு டபிள்யூவால் யாரும் கெட்டுப்போவதில்லை, அது வரிசையாக வந்தால்தான் கேள்வி வரும்.

இதை முக்கியமாக ஊரில் ஒரு வருடம் இன்ஜினியரிங்கோ பி.எஸ்சியோ படித்துவிட்டு இங்கே வந்தவர்களுக்குச் சொல்கிறேன். விண்ணப்பத்தில், இதுவரை சேர்ந்த எல்லாக் கல்லூரியையும் எழுதியே ஆக வேண்டும், வெளிநாட்டில் படித்ததும் சேர்த்து. அரியர் இருக்கிறது, அதைக் காட்டாமல் புதிதாக ஆரம்பித்துவிடலாம் என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். கேட்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் கிடைத்த அனுமதியே ரத்தாகும். ஹைஸ்கூலில் இருக்கும்போது எடுத்த காலேஜ் வகுப்பும் இதில் சேரும், பலர் அதை மறந்தே விடுகிறார்கள். ஊர் யுனிவர்சிட்டியிலிருந்து மதிப்பெண் சான்று அதிகாரபூர்வமாக வர எவ்வளவு நாள் ஆகும் என்பது நமக்குத் தெரியும்தானே, சித்தப்பாவையோ மாமாவையோ இப்போதே அலைய விடுங்கள்.

இரண்டாம் வருடம் செப்டம்பரில் டேக். டிரான்ஸ்பர் உத்தரவாதம் என்று சொல்லலாம். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ் என்ற ஆறு யூசிகளில் ஏதாவது ஒன்றுக்கு மட்டும் போடலாம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியாகோவில் கிடையாது. செப்டம்பர் மாதம் முழுவதும் திறந்திருக்கும், கேட்கும் ஜிபிஏவும் பாடமும் கேம்பஸுக்கு கேம்பஸ், மேஜருக்கு மேஜர் வேறு, சில மேஜர்களுக்கு டேக்கே இல்லை. நிபந்தனையை எல்லாம் நிறைவேற்றினால் இடம் உறுதி. நான் டேவிஸுக்குப் போட்டேன். நவம்பரில் அது ஒப்புதலாகி வந்த பிறகு மற்ற யூசிகளுக்கு விண்ணப்பிக்கும்போது நெஞ்சில் பாரமே இல்லை. தகுதி இருந்தும் டேக் போடாமல் விடுகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. பெர்க்லி ஒன்றுதான் லட்சியம் என்றாலும் போட்டு வையுங்கள், டேக் போட்டதால் மற்ற இடத்துக்குப் போக முடியாமல் போகாது. ஆனால் டேக் மட்டும் போதாது, யூசியின் வழக்கமான விண்ணப்பத்தையும் அதே மேஜருக்குத் தனியாக நவம்பர் முடிவதற்குள் போட வேண்டும். அதை விட்டால் டேக் செல்லாது.

கால் ஸ்டேட் பக்கம் இதே மாதிரி ஒரு வழி, 2010-இல் வந்த எஸ்பி 1440 சட்டத்தால். டிரான்ஸ்பருக்கான அசோசியேட் டிகிரி முடித்தால் அந்த அமைப்பில் ஒரு இடம் உறுதி, மீதியை 60 யூனிட்டில் முடிக்கலாம். எந்தக் கேம்பஸ் என்பது மட்டும் உறுதி இல்லை. நம்மவர்கள் யூசி, யூசி என்று ஒரே பிடியாக இருந்துகொண்டு கால் ஸ்டேட் கேம்பஸான சான் ஹோசே ஸ்டேட்டைத் திரும்பிப் பார்க்காமல் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டிலிருந்தே போய்வந்து, சிலிக்கான் வேலியிலேயே இன்டர்ன்ஷிப் பார்த்துக்கொண்டு படிக்கிறவர்களுக்கு அது மிக நல்ல இடம்.

விண்ணப்பம் நவம்பர் 30-க்குள். ஒரு கேம்பஸுக்கு 80 டாலர், விசாவில் இருப்பவர்களுக்கு அதற்கும் மேல். யூசி சிபாரிசுக் கடிதம் கேட்பதில்லை, மதிப்பெண் சான்றையும் அப்போது கேட்பதில்லை, நாமே பார்த்து ஒவ்வொரு பாடமாக உள்ளிட வேண்டும், பின்னால் சரிபார்ப்பார்கள். சான்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாட எண், யூனிட், கிரேடு மூன்றையும் எழுத்துக்கு எழுத்து பார்த்துப் போடுங்கள். நான்கு கேள்விகளுக்கு எழுத வேண்டும், ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள். டிரான்ஸ்பர் மாணவர்களுக்கு ஒரு கேள்வி கட்டாயம்: இந்த மேஜருக்கு எப்படித் தயாராகியிருக்கிறாய், மேல்நிலைப் பாடங்களை (யுனிவர்சிட்டியின் மூன்றாம், நான்காம் வருடப் பாடங்கள்) சமாளிக்கும் தகுதி உனக்கு எப்படி வந்தது என்பது. நம் பிள்ளைகள் இங்கே கடல் தாண்டி வந்த கதையை எழுத ஆரம்பித்துவிடுவார்கள். அது வேறு கேள்விக்குப் பொருந்தும். இந்தக் கேள்விக்கு அவர்களுக்கு வேண்டியது எந்தப் பாடத்தில் எந்தச் சோதனை, எந்தக் கேள்வி நம்மைப் பிடித்துக்கொண்டது, அதற்குப் பிறகு என்ன செய்தோம் என்பது. நான் ஈஸ்ட் செல்களின் சுவாசத்தை அளந்த ஒரு லேப் பற்றி எழுதினேன். வெப்பநிலை ஏறினால் வேகம் கூடும் என்று எதிர்பார்த்தோம், ஒரு கட்டத்துக்கு மேல் சட்டென்று விழுந்தது, ஏன் என்று கேட்டு, சந்தேகம் கேட்க ப்ரொபசர் ஒதுக்குகிற ஆபீஸ் நேரத்தில் போய் உட்கார்ந்ததிலிருந்து என்சைம்கள் மேல் எனக்குப் பிடிப்பு வந்தது. அவ்வளவு சின்ன விஷயம்தான். அது போதும்.

விண்ணப்பம் போட்டதும் வேலை முடிந்துவிடாது. ஜனவரியில் அப்டேட் படிவம் திறக்கும். இலையுதிர் செமஸ்டர் மதிப்பெண்ணையும் வசந்த செமஸ்டரில் என்ன எடுக்கிறோம் என்பதையும் அதில் போட வேண்டும், மாதக் கடைசிக்குள். அந்த மின்னஞ்சல் ஸ்பாமில் கிடந்து விட்டுப்போனவர்கள் இருக்கிறார்கள். முடிவுகள் ஏப்ரலுக்குள் வந்துவிடும், ஜூன் 1-க்குள் ஏதாவது ஒரு இடத்தை உறுதி செய்ய வேண்டும். அந்த அனுமதி நிபந்தனைக்குட்பட்டது. வசந்த செமஸ்டரில் எடுக்கிறேன் என்று சொன்ன பாடத்தைச் சொல்லாமல் விட்டாலோ, டி வாங்கினாலோ, கிடைத்த இடம் போகும். கடைசி செமஸ்டர், இடம் கிடைத்துவிட்டது, இனி என்ன என்று தளர்ந்துவிடக்கூடாது. ஏதாவது மாற்ற வேண்டி வந்தால் உடனே யுனிவர்சிட்டிக்கு எழுதிக் கேளுங்கள். முன்கூட்டிக் கேட்டால் பெரும்பாலும் வழி சொல்வார்கள்.

இப்போது டேவிஸ். செப்டம்பர் கடைசியில்தான் வகுப்பு தொடங்கும். ஊர் முழுக்க சைக்கிள், லண்டனில் ஓடுகிற மாதிரி இரட்டை மாடிப் பேருந்தை மாணவர்களே ஓட்டுவார்கள், முதல் வாரம் எல்லாம் அழகாக இருக்கும். குவார்ட்டர் என்றால் பத்து வாரம் பாடம், அடுத்த வாரம் பரீட்சை. செமஸ்டருக்குப் பழகிய உடம்புக்கு, புத்தகத்தை வாங்கிப் பிரிப்பதற்குள் முதல் மிட்டெர்ம் வந்து நிற்கும். டிரான்ஸ்பர் மாணவர்கள் பலருக்கு முதல் குவார்ட்டரில் மதிப்பெண் சரியும். ஆராய்ச்சி செய்கிறவர்கள் இதற்கு டிரான்ஸ்பர் ஷாக் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு மூளை இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை, வேகம் பழகவில்லை என்றுதான் அர்த்தம். கூடவே, கம்யூனிட்டி காலேஜ் ஜிபிஏ அங்கே தொடராது, யூசி ஜிபிஏ பூஜ்யத்திலிருந்து தொடங்கும். முதல் குவார்ட்டரில் நான்கு கனமான அறிவியல் பாடம் எடுக்காதீர்கள். இரண்டு மேல்நிலைப் பாடம், ஒரு இலகுவான பாடம், அது போதும். இரண்டே வருடத்தில் முடிக்க வேண்டுமே என்று அப்பா அம்மா அவசரப்படுத்தினால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

டேவிஸில் நான் பிடித்துக்கொண்ட பழக்கம், முதல் வாரமே ஆபீஸ் நேரத்துக்குப் போவது. நூற்றுக்கணக்கான பேர் இருக்கும் வகுப்பில் ப்ரொபசர் அறை வாசலில் நிற்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். நான்கு வருட மாணவர்களுக்கு லேபில் சேர, சிபாரிசுக் கடிதம் வாங்க, தெரிந்துகொள்ள நான்கு வருடம் இருக்கிறது. நமக்கு இரண்டு. முதல் குவார்ட்டரிலேயே ஆராய்ச்சி லேப்களுக்கு எழுதத் தொடங்குங்கள். பதில் வராது, மறுபடி எழுதுங்கள், பேராசிரியருக்கு எழுதியது பதில் இல்லையென்றால் அந்த லேபில் இருக்கும் பிஎச்.டி மாணவருக்கு எழுதுங்கள். கம்யூனிட்டி காலேஜில் படித்தவள் என்பதை மறைக்காமல் எழுதினேன். என்னை எடுத்துக்கொண்ட லேபில், பைபெட் பிடிக்கத் தெரியுமா, பஃபர் கலக்கத் தெரியுமா என்றுதான் கேட்டார்கள். சாயங்கால லேபில் கை பழகியிருந்தது.

வீடு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். டேவிஸில் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் செப்டம்பரிலிருந்து ஓடுபவை, அங்கேயே படிக்கிறவர்கள் குளிர்காலத்திலேயே தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். நமக்கு இடம் கிடைத்தது தெரிவதே ஏப்ரலில். தெரிந்த வாரமே தேடத் தொடங்க வேண்டும். கேம்பஸ் விடுதிக்கும் தேதிக்குள் விண்ணப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் டிரான்ஸ்பர் மாணவர்களோடு சேர்ந்து தங்கினால் நல்லது, மற்ற எல்லோரும் ஏற்கனவே கூட்டமாகப் பழகியிருக்கிறார்கள், நடுவில் போய்ச் சேருவது தனிமையாக இருக்கும். எனக்கு முதல் சில மாதம் அப்படித்தான் இருந்தது. சனிக்கிழமை வீட்டுக்குப் போய் அம்மா கட்டிக்கொடுத்த புளிக்காய்ச்சலோடு ஞாயிறு சாயங்காலம் திரும்புவேன். அம்மா ஒவ்வொரு தடவையும், "வாரா வாரம் வந்தா அங்க யாரு கூட பழகுவ?" என்று கேட்பார், கேட்டுக்கொண்டே இன்னொரு டப்பாவையும் பையில் வைப்பார்.

மெடிக்கல் ஸ்கூல் எண்ணம் இருக்கிறவர்களுக்கு: யூசி ஜிபிஏ புதிதாகத் தொடங்கினாலும், மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்தில் கம்யூனிட்டி காலேஜில் எடுத்த ஒவ்வொரு பாடமும் கிரேடும் கணக்கில் வரும். அங்கே வாங்கிய ஏ வீண்போகாது, சி-யும் மறையாது.

கடைசியாக, எடுக்கிற ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் இறக்கிச் சேமித்து வையுங்கள். அசிஸ்ட் ஒப்பந்தத்தில் இல்லாத பாடத்துக்கு யுனிவர்சிட்டியில் ஈடு கேட்டு மனு போட்டால் முதலில் கேட்பது அதைத்தான், வாரா வாரம் என்ன நடத்தினார்கள், எந்தப் புத்தகம், லேப் எத்தனை மணி நேரம் என்று பார்ப்பார்கள். கம்யூனிட்டி காலேஜ் லாகின் போன பிறகு கல்லூரியின் பாடத் தளமான கேன்வாஸில் தேடினால் கிடைக்காது. என் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பாடம் இப்படி மனு போட்டுத்தான் ஏறியது. ப்ரொபசர் முதல் நாள் கொடுத்த நான்கு பக்கம் கையில் இருந்ததால், அதே குவார்ட்டரில் அடுத்த பாடத்துக்குப் போக முடிந்தது.